ரூட்டு, ரூமு, சீனியர்: சென்னைக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

பின்னாடி தகரத்தில் ஏதோ கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டால் பயப்படாதீங்க, அது மழைதான். வடகரையில் சாரல் ஆரம்பிச்சாச்சு. குற்றாலத்தில் தண்ணி விழுதான்னு காலையிலிருந்து நாலு பேர் போன் பண்ணிட்டாங்க. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜெராக்ஸ் மெஷினை அணைச்சுட்டு உட்கார்ந்து பேசுறேன்.

புதுசாகக் கேட்கிறவர்களுக்காக ஒரு வரி. பட்டா, வருமானச் சான்றிதழ், ரயில் டிக்கெட், லேமினேஷன், இதுதான் நம்ம தொழில். மே மாதம் வந்தால் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு காலேஜ் அப்ளிகேஷன். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே தளம், விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். அந்த அம்பது ரூபாய்க்குப் பின்னாடி ஒரு குடும்பத்தோட மொத்தக் கனவும் வரிசையில நிக்கும். மதிப்பெண் பட்டியலை மடங்காமல் வைக்க நியூஸ் பேப்பரில் சுத்தி, அதை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு, அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வருவாங்க.

அப்படி முந்தாநாள் ஒரு அக்கா வந்தாங்க. எங்க பக்கத்துத் தெருதான். பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க். சென்னையில்தான் படிப்பேன்னு நிக்கிறான். சுரண்டையில் அரசுக் கல்லூரி இருக்கு, ஆழ்வார்குறிச்சியில் இருக்கு, திருநெல்வேலியில் எத்தனையோ இருக்கு. ஆனால் அவனுக்குச் சென்னைதான் வேணும். ஏன்னு கேட்டால், "பார்ட் டைம் வேலை கிடைக்கும்ணே. அம்மாகிட்ட காசு கேக்க வேண்டாம்" என்கிறான். இதற்கு என்ன பதில் சொல்ல?

அவன் வெளியே போனதும் அக்கா மெதுவாகக் கேட்டாங்க: "தம்பி, ஹாஸ்டல்ல போடவா, வெளிய ரூம் எடுத்துக் குடுக்கவா? ரூட்டு தல அது இதுன்னு டிவியில காட்டுதானுவ. பஸ்ஸு மேல ஏறி ஆடுதானுவ, அருவாளத் தூக்கிட்டு ஓடுதானுவ. எம்புள்ளைய எவனும் இழுத்து விட்ருவானோன்னு பயமா இருக்கு. நீ அங்கனதான படிச்ச, நீ சொல்லு."

"நாளைக்குச் சொல்லுதேங்க்கா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டு நாளாகியும் சொல்லலை. ஏன்னா, அதற்குச் சரியாகப் பதில் சொல்லணும்னா நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியாகணும். அதனால இன்னைக்கு எபிசோடே அந்தப் பதில்தான்.

நான் சென்னைக்குப் போனது 2006 ஜூன். அப்போ நமக்குத் தென்காசி மாவட்டமெல்லாம் கிடையாது, திருநெல்வேலி மாவட்டம்தான். பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு முறுக்கு டின், எங்க அம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்த நாலு தேங்காய். சென்னையில் யாருக்கு அந்தத் தேங்காயைக் கொடுக்கிறதுன்னு அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்ம ஊர்ல இருந்து வெளியூருக்குத் தேங்காய் இல்லாமல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

படிச்ச கல்லூரி பேரும் தங்கின விடுதி பேரும் சொல்ல மாட்டேன். சொல்லவும் தேவை இல்லை. கல்லூரி திறந்துடுச்சு, வகுப்பு நடக்குது. விடுதி ஆபீஸ்ல போய் நின்றால், "லிஸ்ட் இன்னும் வரலை, ஆகஸ்ட்ல வந்து பாருப்பா" என்கிறார்கள். ஜூன்ல வந்தவன் ஆகஸ்ட் வரைக்கும் எங்க தூங்குறது? இந்தக் கேள்வியை அந்த ஆபீஸ்ல யாரும் கேட்டுக்கிட்ட மாதிரி தெரியலை. ரெண்டு நாள் லாட்ஜ். மூணாவது நாள் கையில் காசு இல்லை. பெட்டி மேல உட்கார்ந்திருக்கேன்.

அப்போ ஒரு குரல். "எந்த ஊருலே?"

அந்த 'லே' காதில் விழுந்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வடகரைன்னேன். "எந்த வடகரை?" செங்கோட்டை பக்கம், பண்பொழி தாண்டின்னு சொன்னேன். மூணாமாண்டு அண்ணன், ஆலங்குளம் பக்கம் ஊர். வேற எதுவும் கேட்கலை. பெட்டியைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். நான் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே போனேன்.

நாலு பேருக்கான அறை. உள்ளே ஒன்பது பேர் இருந்தோம். இப்படி அனுமதி இல்லாமல் தங்குறவனுக்கு விடுதியில் 'கெஸ்ட்'னு பேர். பேர்தான் கெஸ்ட், படுக்கை தரையில். ரெண்டு மாசத்துக்கு மேல அந்த அண்ணனோட கட்டிலுக்குப் பக்கத்துத் தரைதான் எனக்கு வீடு. அவர் மெஸ் சாப்பாட்டில் பாதி எனக்கு. நவம்பர்ல எனக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் படுத்திருந்தேன். ஆறு ராத்திரியும் அவர் வார்டு வராந்தாவில் படுத்திருந்தார். காலையில் இளநீர் வாங்கிட்டு வருவார். தென்னந்தோப்புக்கு நடுவுல வளர்ந்தவன் சென்னையில் காசு கொடுத்து இளநி குடிக்கிறேன்னு அவரே சொல்லிச் சிரிப்பார். எங்க வீட்டுக்கு இந்தக் காய்ச்சல் விஷயமே பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, அக்கா பயப்படுகிற அந்த 'எவனோ ஒருத்தன்' மொதல்ல உன் பிள்ளைக்கு முன்னாடி இப்படித்தான் வந்து நிப்பான். மீசையை முறுக்கிட்டு வர மாட்டான், பெட்டியைத் தூக்கிக்கிட்டு வருவான்.

சரி, ரூட்டுக்கு வருவோம். சென்னை நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இது நம்ம பக்கத்து ஆட்களுக்காக. சென்னையின் பழைய அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரிகளில் பெரும்பாலான பசங்க தினமும் வீட்டிலிருந்து வந்து போறவங்க. வடசென்னை, ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கம். நிறையப் பேருக்கு வீட்டில் முதல் பட்டதாரி அவங்கதான். ஒரே நம்பர் பஸ்ஸில் தினமும் ஒண்ணா ஏறுவாங்க. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பயணம். பஸ்ஸோட தகரத்தில் தாளம், கானாப் பாட்டு. அந்தக் கூட்டத்துக்குப் பேர் 'ரூட்டு'. அதில் மூத்தவன் 'ரூட்டு தல'. ஜூனியருக்கு ஒரு பிரச்சினைன்னா தல வந்து நிப்பான். பீஸ் கட்ட முடியலைன்னா வசூல் பண்ணிக் கொடுப்பான். வருஷத்துக்கு ஒருநாள் 'பஸ் டே'. பஸ்ஸுக்கு மாலை போட்டு, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மரியாதை செய்யுறதுதான் அதோட ஆரம்பம்.

அமெரிக்காவில் இதுக்கு ஒரு பெரியப்பா இருக்கு. அங்க காலேஜ்ல 'கிரீக் லைஃப்' என்பாங்க. கிரேக்க நாட்டுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆல்ஃபா, பீட்டா, காமான்னு கிரேக்க எழுத்துகளைச் சேர்த்துச் சங்கத்துக்குப் பேர் வைப்பாங்க, அதனால அந்தப் பேர். பசங்க சங்கம் ஃப்ரட்டர்னிட்டி, பொண்ணுங்க சங்கம் சொராரிட்டி. 1776-ல வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தொடங்கின ஃபை பீட்டா கப்பாதான் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். பிற்காலத்தில் வந்த நிறையச் சங்கங்களுக்குச் சொந்தமா ஒரு வீடே இருக்கும், உறுப்பினர்கள் அதில் சேர்ந்து வாழ்வாங்க. வேலை, சிபாரிசு, கல்யாணம் வரைக்கும் அந்தத் தொடர்பு கூடவே வரும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1906-ல கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்க கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணுற அளவு. வெள்ளைக்காரப் பசங்களோட சங்க வீடுகள் அவங்களுக்குத் திறக்காது. ஏழு பேர் சேர்ந்து, ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கிட்டுப் படிக்கிறதுக்காக ஒரு வட்டம் வச்சாங்க. அதுதான் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் அந்தச் சங்கத்து உறுப்பினர். அடுத்த ரெண்டு வருஷத்தில், 1908-ல, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தங்களுக்கு ஆல்ஃபா கப்பா ஆல்ஃபான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கமலா ஹாரிஸ் அதுல இருந்தவர்தான்.

அதாவது, தெரியாத ஊருக்குப் படிக்க வந்தவன் தனக்குன்னு ஒரு திண்ணை தேடுறான். நிர்வாகம் கொடுக்கலைன்னா அவனே கட்டிக்கிறான். சென்னையில் வீடு வாங்க ஏது காசு? கையில பஸ் பாஸ் இருந்துச்சு. பஸ்ஸையே வீடாக்கிட்டாங்க. இதைக் கேவலமாகப் பேசுறவங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் நான் வக்கீலும் இல்லை. கோபத்தை நிறுத்திட்டு மீதியையும் சொல்லணும்.

அமெரிக்காவிலேயே பாருங்க. சங்கத்தில் சேரணும்னா சோதனை உண்டு. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 19 வயசுப் பையன் ஒருத்தனைச் சேர்க்கிற ராத்திரியில் குடிக்க வச்சாங்க. மாடிப்படியில் விழுந்துட்டான். தலையில், வயித்துல உள்காயம். 'சகோதரர்கள்' சுத்தி இருக்காங்க, கிட்டத்தட்ட 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடலை. பையன் செத்துப் போனான். 2024 டிசம்பரில்தான் அந்த நாடு முழுக்க, இப்படி நடக்கிறதைக் கல்லூரிகள் வெளிப்படையா அறிக்கையாகப் போடணும்னு சட்டம் வந்துச்சு.

நமக்கு அந்த ஞானம் முன்னாடியே வந்துச்சு, வந்த விதம்தான் கொடுமை. 1996 நவம்பர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நாவரசு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரோட மகன். அந்தக் கொலையை விவரிக்க எனக்கு மனசு இல்லை. 1997-ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல யுஜிசி விதிமுறை. அதுக்கு முன்னாடி சிபிஐ முன்னாள் இயக்குநர் ராகவன் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து நாடு முழுக்கப் போய் விசாரிச்சது.

ரூட்டு சண்டை ராகிங் கணக்கில் வராது. அதுக்குத் தனிக் கணக்கு. பச்சையப்பன் கல்லூரி 1842-ல ஒரு தர்மத்திலிருந்து பிறந்த கல்லூரி, அண்ணா படிச்ச கல்லூரி. மாநிலக் கல்லூரி 1840, மெரினாவுக்கு எதிரே. ரெண்டுக்கும் வரலாறு மலை மாதிரி. ரெண்டு கல்லூரிப் பசங்களுக்கும் நடுவுல வருஷக்கணக்கா அடிதடி. அதுகூடப் பரவாயில்லைன்னு நினைக்க வைக்கிற மாதிரி 2019 ஜூலை 23 அரும்பாக்கத்தில் நடந்தது. ஒரே கல்லூரிப் பசங்க, ரூட்டு வேற, அவ்வளவுதான். பட்டப்பகலில் பஸ்ஸை மறிச்சு அரிவாளோட ஏறினாங்க. அதுக்கு முந்தின மாசம்தான் அயனாவரத்தில் பஸ் கூரையிலிருந்து பசங்க கொத்தா விழுந்த வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு. போலீஸ் ரூட்டு தலைகளோட பட்டியல் எடுத்து, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கினாங்க. பஸ் டே கூடாதுன்னு உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியாச்சு. அப்புறமும் 2024 அக்டோபரில், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி முதலாமாண்டு மாணவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முதலாமாண்டு. கல்லூரியில் சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருக்கும்.

இப்போ என் கதைக்கு வர்றேன்.

விடுதியில் எனக்குப் பட்டப்பேர் 'அருவா'. சினிமா பார்த்துட்டுத் திருநெல்வேலிக்காரன்னாலே முதுகுல அருவா சொருகியிருப்பான்னு நினைப்பு. நான் அதுவரைக்கும் வெட்டினதெல்லாம் இளநியும் வாழைத்தாரும்தான். ஆனா உண்மையைச் சொன்னா எனக்கு அந்தப் பேர் பிடிச்சிருந்துச்சு. எங்கேயாவது வாய்த்தகராறுன்னா, "டேய், அருவாவக் கூட்டிட்டு வா"ம்பாங்க. நான் போய்ச் சும்மா நிப்பேன், எதிராளி ஒரு அடி பின்னால போவான். பதினெட்டு வயசுல அது தர்ற போதையை எந்தச் சரக்கும் தராது.

ரெண்டாமாண்டு. அந்த அண்ணன் படிப்பு முடிச்சும் ஊருக்குப் போகலை. இப்போ அவர் 'கெஸ்ட்', நான் அறைக்காரன். ஒரு ரூட்டோட பசங்க அவருக்கு நெருக்கம். ஒருநாள் ராத்திரி ஒரு பையைக் கொண்டுவந்தார். நீளமான பை, பழைய போர்வையில் சுத்தி இருந்துச்சு. "தம்பி, ஒரு ராத்திரி உன் கட்டிலுக்கு அடியில கெடக்கட்டும். காலையில எடுத்துருதேன்"னார்.

நான் என்னன்னு கேட்கலை.

இதைத்தான் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. கேட்கலைன்னா தெரியாதுன்னு அர்த்தம் இல்லை. பையைத் தள்ளும்போது தரையில் உரசின சத்தம் காதுல விழுந்துச்சு. நம்ம ஊர்க்காரனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? ராத்திரி முழுக்கத் தூங்கலை. 'கேளு, கேளு'ன்னு ஒரு மனசு. 'ஆறு ராத்திரி வராந்தாவில் படுத்திருந்தாரே'ன்னு இன்னொரு மனசு. காலையில் நான் குளிச்சுட்டு வந்தப்போ பை இல்லை.

மறுநாள் ஒரு பஸ் ஸ்டாப்பில் இன்னொரு ரூட்டுப் பையனுக்கு வெட்டு. முதலாமாண்டு. கையை மேல தூக்கித் தடுத்திருக்கான். உயிருக்கு ஒண்ணும் ஆகலை. வலது கையில் ரெண்டு விரல் அப்புறம் மடங்கலைன்னு பின்னாடி தெரிஞ்சது. படிப்பை விட்டுட்டான். விடுதிக்குப் போலீஸ் வந்தது. என்னையும் விசாரிச்சாங்க. 'தெரியாது சார்'ன்னு சொன்னேன். எல்லாருமே அதைத்தான் சொன்னோம். அன்னைக்கு ராத்திரி மெஸ்ஸில் எனக்கு ரெண்டு முட்டை வச்சாங்க. சத்தியமா, ரெண்டு முட்டை.

அந்தப் பையன் பேர் எனக்குத் தெரியும். இங்க சொல்ல மாட்டேன். அவன் இதைக் கேட்க வாய்ப்பில்லை, கேட்டாலும் மன்னிப்பு கேட்க எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியலை. அந்த அண்ணன் இன்னைக்கும் தீபாவளிக்கு எனக்குப் போன் பண்ணுவார். நானும் எடுப்பேன். அவரை வெறுக்கணும்னு எத்தனையோ தரம் முயற்சி பண்ணியிருக்கேன். மஞ்சள் காமாலை குறுக்க வந்து நின்னுடும்.

இங்க ஒண்ணு இடையில சொல்லிடுறேன். சென்னைக்காரப் பசங்க ரூட்டுன்னு அடிச்சுக்கிட்டா, நம்ம பக்கம் எந்தக் கயிறுன்னு அடிச்சுக்கிறாங்க. நம்ம பள்ளிக்கூடங்களில் பிள்ளைங்க கையில் கட்டுற கலர் கயிறு என்ன கணக்குன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். 2023-ல நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினது கூடப் படிச்ச பசங்க. அதுக்கப்புறம்தான் நீதியரசர் சந்துரு குழு வச்சாங்க, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு, கயிறு கூடாதுன்னு அதுல இருக்கு. விடுதியில் "எந்த ஊருலே"க்கு அடுத்த கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" அது எதைக் கேட்குதுன்னு புரியாத தென்மாவட்டத்துக்காரன் உண்டா? 2008 நவம்பர் 12, சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதியாப் பிரிஞ்சு கம்பியால அடிச்சுக்கிட்டதை நாங்க விடுதி ஹால்ல டிவியில் பார்த்தோம். வெளியே போலீஸ் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கு. ஹால்ல ஒருத்தன்கூடப் பேசலை. ஆனா சேனல் மாறுறதுக்குள்ள யார் யாரு எந்தப் பக்கமா நகர்ந்து உட்கார்ந்தாங்கன்னு எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.

பொண்ணுங்க விஷயம் கேட்பீங்க. அவங்களுக்கு ரூட்டு கிடையாது, தலையும் கிடையாது. அவங்களைத் தினமும் அடைக்கிறது கேட்டு. ஆறு மணிக்குள்ள விடுதிக்குள்ள இருக்கணும். சங்கம் வைக்க ஏது நேரம்? அதைப்பத்திப் பேச எனக்கு அனுபவம் போதாது. குற்றாலம் பராசக்தி கல்லூரியில் படிச்ச ஒரு தங்கச்சி அடுத்த மாசம் பேச வர்றேன்னு சொல்லியிருக்கு.

இப்போ அக்காவுக்குப் பதில்.

ஒவ்வொரு வருஷமும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழின்னு ஒண்ணு ஆன்லைன்ல போடணும். மாணவனும் போடணும், பெற்றோரும் போடணும். நானே இந்தக் கடையில் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். ஒருத்தர்கூடப் படிச்சதில்லை, நானும் படிச்சுக் காட்டினதில்லை. 'டிக் பண்ணு, அடுத்தது' அவ்வளவுதான். இந்த வருஷத்திலிருந்து வாசிச்சுக் காட்டித்தான் போடப் போறேன். வரிசை நீண்டால் திட்டாதீங்க. அந்த விதியிலேயே, முடிஞ்ச வரைக்கும் முதலாமாண்டுப் பிள்ளைகளைத் தனிக் கட்டடத்தில் வைக்கணும்னு இருக்கு. 24 மணி நேர இலவச எண் 1800-180-5522. இதைப் பிள்ளையோட போனில் பதிஞ்சு கொடுங்க.

ஆனா அந்தப் பத்திரத்தில் இல்லாத ஒண்ணு இருக்கு. ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவுல பிள்ளை எங்க தூங்குவான்? இது எதிலும் இல்லை. என்னைக் கேட்டால், தடை, பத்திரம், போலீஸ் எல்லாம் அதுக்கு அப்புறம். விடுதி லிஸ்ட் கல்லூரி திறக்கிற அன்னைக்கே வரணும். போன வருஷம், 2025 ஜூலையில், அரசு விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி'ன்னு பேர் மாத்தினாங்க. நல்ல பேர், சந்தோஷம். கல்லூரி திறக்கிற அன்னைக்கே சாவியும் கையில வந்தா அந்தப் பேருக்கு முழு அர்த்தம் கிடைக்கும். அந்த ரெண்டு மாசம் பிள்ளை யாரோட தரையில் படுத்திருக்கானோ, அவனுக்குத்தான் அடுத்த ரெண்டு வருஷம் கடன்பட்டிருப்பான். நான் கொடுத்த கடன் ஒரு ராத்திரிக்குக் கட்டிலோட அடிப்பக்கம். வட்டியை வேற ஒரு பையன் ரெண்டு விரலால கட்டினான்.

அதனால அக்கா, ஹாஸ்டலையே போடுங்க. வெளிய ரூம் எடுத்தா தனியாக் கிடப்பான், தனியாக் கிடக்கிறவனைத்தான் சீக்கிரம் கூட்டிட்டுப் போவாங்க. ஆனா லிஸ்ட் வர்ற வரைக்கும் தங்குறதுக்கு நீங்க காசு எடுத்து வைங்க. ரெண்டு மாச வாடகை, ரெண்டு மாசச் சாப்பாடு. பீஸுக்கு முன்னாடி அதை எடுத்து வைங்க. நகையை வைக்கணும்னாலும் அதுக்கு வைங்க. சொந்தக்காரங்க வீடு இருந்தா, கூச்சப்படாம ரெண்டு மாசம்னு சொல்லியே கேளுங்க. பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா முதல் போன் உங்களுக்கு வரணும், திட்ட மாட்டேன்னு இப்பவே சொல்லி வைங்க. நான் ஏன் வீட்டுக்குச் சொல்லலை தெரியுமா? 'அதான் உள்ளூர்லயே படின்னு சொன்னேன்லா'ன்னு எங்க அப்பா சொல்லுவாரேன்னுதான்.

பையன்கிட்ட தனியா ஒண்ணு சொல்லணும், கேட்டுக்கிட்டு இருப்பான்னு நினைக்கிறேன். தம்பி, சீனியர் பெட்டியைத் தூக்கினா தூக்கட்டும். நல்ல மனுஷங்க நிறைய இருக்காங்க, பஸ்ஸில் பாட்டுப் பாடு, தாளம் போடு, எனக்கும் அது பிடிக்கும். ஒரு பையைக் கொடுத்து வச்சிருன்னு சொன்னா மட்டும் என்னன்னு கேளு. கேட்டதுக்கே கோபப்பட்டா, நீ உன் பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. எங்க போறதுன்னு தெரியலைன்னா எனக்கு அடி. எந்நேரமானாலும் சரி. சென்னையில் வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரங்க பதினோரு பேர்கிட்ட இந்த வாரம் பேசியிருக்கேன். லிஸ்ட் வர்ற வரைக்கும் தலைக்கு ஒரு பிள்ளையைத் தங்க வச்சுக்கிறேன்னு ஏழு பேர் சொல்லியிருக்காங்க. அதுல ரெண்டு பேருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு இருக்காங்க. கேட்டா என்ன பதில் வரும்னு எனக்கே தெரியும், இருந்தாலும் பார்ப்போம்.

தாம்பரம், பெரம்பூர், வேளச்சேரி பக்கம் இருக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, ஒரு பாய் விரிக்கிற இடம் இருந்தா, சொல்லுங்க. ஜூன், ஜூலை, ரெண்டே மாசம்.

அக்கா நாளைக்குக் காலையில் கடைக்கு வர்றாங்க. அப்ளிகேஷன்ல விடுதி வேணுமான்னு கேட்கிற கட்டத்தை இன்னும் நிரப்பாமதான் வச்சிருக்கேன். தேங்காய் கொடுத்து விடுவாங்க, அதுல சந்தேகமே இல்லை. இந்தத் தடவை யாருக்குக் கொடுக்கணும்னு விலாசத்தோட எழுதிக் கொடுக்கணும்.

மழை விட்டிருக்கு. ஷட்டரை இழுத்துட்டு நானும் கிளம்புறேன். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.